பழசாகாத தெரு

சங்கரன்கோவில் சாயப்பட்டறைத் தெருவில், நல்ல தண்ணீர் வருகிற முறைநாளான ஒரு வைகாசி வெள்ளியன்று, குழாய் கொறகொறவென்று காற்றைத் துப்பிக்கொண்டிருந்த விடியக்காலத்தில், முப்பத்தேழு வீட்டிலும் இருந்த அத்தனை பழைய சாமானும் புதுசாகிப்போனது. இடி இடிக்கவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை. குழாயடியில் முதல் ஆளாக நின்ற பாக்கியத்தாய், மூன்று இடத்தில் சூடு வைத்து ஒட்டின தன் பிளாஸ்டிக் குடம் கடையில் தொங்குவதுபோல் பளபளவென்று ஆனதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இது என் குடம் இல்ல, எவளோ மாத்திட்டா" என்று சேலையை இழுத்துச் சொருகினாள். பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். ஆளாளுக்குத் தன் ஓட்டைக் குடத்தைக் கேட்டு ஒரு மணி நேரம் தொண்டை கிழியச் சண்டை போட்ட பிறகுதான், இதில் நஷ்டப்பட்டவர் யாருமில்லை என்பது விளங்கியது. அதற்கப்புறம் ஒரு பேச்சில்லை. இருக்கிற குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கமுக்கமாக வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

வீட்டுக்குள் போனால் அங்கேயும் அதே கதைதான். தேய்ந்த துடைப்பம் விறைத்து நின்றது, கைப்பிடி போன வாணலிக்குக் கைப்பிடி முளைத்திருந்தது, கொடியில் கிடந்த கிழிந்த கைலி கடை மடிப்புக் கலையாமல் கிடந்தது. மனுஷர்கள் மட்டும் நேற்று இருந்த மாதிரியே இருந்தார்கள். நரைத்தது நரைத்தபடி, பல் போனது போனபடி. அதிசயமும் ஆள் பார்த்துத்தான் வேலை செய்யும்போல.

இந்த அதிசயத்தால் அடிபட்ட ஒரே மனுஷன் பூவலிங்கம். முப்பத்தெட்டு வருஷம் விசைத்தறியில் நின்று ஊருக்கெல்லாம் புதுத்துணி நெய்து தள்ளியவர், தன் வீட்டு நடைக்குள் புதுசு என்று எதையும் லேசில் விட்டதில்லை. பீர்க்கங்காய் வாங்கினால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு, முற்றிப்போனால் நார் முதுகு தேய்க்க, விதை அடுத்த ஆடிக்கு. அரிசி களைந்த தண்ணீர் குழம்புக்கு, அதிலும் மிஞ்சியது முருங்கைக்கு. கரைந்த சோப்புச் சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவார். நைந்த சேலையைக் கிழித்து முறுக்கிக் கயிறாக்கி, கயிற்றைச் சுற்றிக் கால்மிதி தைப்பார். குப்பை அள்ள வருகிற பெண் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதே இல்லை, என்ன இருக்கப்போகிறது? தெருவில் அவருக்கு நாலைந்து பட்டப்பேர் இருந்தது. அதில் ஒன்றையும் சபையில் சொல்ல முடியாது.

அவர் மனைவி பொன்னுத்தாய் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் ஆவுடைச்செல்வி நாலாம் வகுப்பு. அவளுக்குத் தலைபின்னப் பழகி, சட்டை தைக்கப் பழகி, ஆளாக்கி, புளியங்குடியில் கட்டிக்கொடுத்து, இப்போது ஏழாம் மாதம் வளையல் அடுக்கிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனியில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லவேண்டியதையும் சேர்த்து அவர் அம்மா முப்பிடாதி சொன்னாள்.

"பொம்பளை இல்லாத வீட்டுல என்னத்தப் பேறுகாலம் பாப்பீக, சம்மந்தகாரரே? மருந்து இடிக்கத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும் மதினி. ஒரு குறை வராது. அப்பிடி ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க, நான் வாயத் தொறக்கமாட்டேன்."

"வாய்ச்சொல்லு தானே இது?"

"வாய்ச்சொல்லுதான்."

முப்பிடாதி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். "சரி. பிள்ளை விழுந்தவொடனே சுத்துறதுக்குப் பழந்துணி வேணும். அடிச்சுத் துவைச்சு, வெயில்ல காஞ்சு, பூ மாதிரி இருக்கணும். எங்க வம்சத்துல பதினாறு நாளைக்குப் புதுத்துணி பிள்ளை மேல பட்டதில்ல. நீங்க பாட்டுக்குப் புதுசத் தூக்கிட்டு வந்து நின்னீகன்னா, தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலேருந்தே கார் ஏத்திருவேன்."

பூவலிங்கம் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார். பழந்துணி! யாரிடம் போய் என்ன கேட்கிறாள் இவள்! அவர் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய அதுதான் இருந்தது. தாயில்லாத மகளுக்குத் தன் கையால் பத்தியம் பொங்கிப்போட்டுப் பதினாறு நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று, வளையல் போட்ட அன்றைக்கே மனசுக்குள் அடுப்புக்கூட்டி வைத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்ததும், இரண்டு பெட்டியின் மூடியும் தானாகத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே அத்தனை துணியும் கஞ்சி மொடமொடப்போடு விறைத்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கிடந்தது. பன்னிரண்டு பழஞ்சேலையைச் சேர்த்து அவர் ஒரு மழைக்காலம் முழுக்கத் தைத்த போர்வை, தையலை உதறிவிட்டுப் பன்னிரண்டு புதுச்சேலையாகப் பாயில் விரிந்திருந்தது. சேதி ஒன்பது மணிக்கெல்லாம் தெருவில் பரவிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் "கொண்டு போங்க அண்ணாச்சி, அடுப்புத் துடைக்கக்கூட ஆகாது" என்று வீசினவர்கள் வரிசையாக வந்தார்கள்.

"அந்த மயில்கழுத்துக் கலரு எங்க அத்தையோடதுல்லா அண்ணாச்சி. ஞாபகார்த்தமா ஒங்ககிட்டக் குடுத்து வச்சிருந்தோம்."

"அப்பிடியா தாயி. நான் அடுப்புத் துடைக்கன்னு நெனச்சுட்டேன்."

பதினோரு சேலையும் போனது. கேட்க ஆளில்லாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று, பொன்னுத்தாயின் மஞ்சள் சுங்குடி. துவைத்துத் துவைத்து வெங்காயத்தோல்போல் ஆகி, மடியில் போட்டால் கனமே தெரியாமல் இருந்த சேலை, இப்போது பெட்டியில் வைத்த பலகைமாதிரி நின்றது. பூவலிங்கம் மோந்து பார்த்தார். சாயமும் கஞ்சியும் மணத்தது. வேறொன்றும் இல்லை. ஆவுடைச்செல்வி அதை வாங்கித் தன் பெரிய வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"யப்பா, அம்மா இத மொத மொதக் கட்டுனப்ப இப்பிடித்தான் இருந்தாளா?"

"இவ்வளவு வயிறு கெடையாது" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குள் போய்விட்டார்.

ஒரு நாளோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாளும் விடிந்தது, அதற்கு மறுநாளும் விடிந்தது, ஒவ்வொரு விடியலுக்கும் தெருவுக்குள் கிடந்ததெல்லாம் புதுசானது. முந்தின நாள் உடைத்த தட்டு கூடியது, கிழித்த பாவாடை ஒட்டியது. சாயப்பட்டறைத் தெருக்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. செருப்பைக் கழற்றி வைப்பதுகூட இல்லை, கழற்றினால் வீசுவதுதான். பேரப்பிள்ளைகளிடம் "ஒடைங்கடா, நல்லா ஒடைங்க" என்று கண்ணாடித் தம்ளரை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். "ஒங்க சிக்கனமெல்லாம் இனி எதுக்கு அண்ணாச்சி? கடவுளே வந்து வேண்டாம்னு சொல்லிட்டாரு பாத்தீயளா" என்று பூவலிங்கத்தைப் பார்க்கிறபோதெல்லாம் சொன்னார்கள். சொல்வதற்கென்றே அவர் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு.

பக்கத்துத் தெருவுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? இருட்டோடு இருட்டாக ஓட்டை அண்டாவும் ஒடிந்த கட்டிலும் ஓடாத மொபெட்டும் வந்து இறங்கின. வாசலில் சாமான் வைக்க இடம் பிடித்துக் கல் போட்டார்கள், கல்லை நகர்த்திச் சண்டை போட்டார்கள். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கரையான் அரித்த கோப்புகளை ஒரு வண்டி நிறையக் கொண்டு வந்து அடுக்கினார்கள். விடிந்ததும் பார்த்தால் அத்தனையும் ஒரு எழுத்தில்லாத வெள்ளைத் தாள். திருப்பி ஏற்றிக்கொண்டு போனபோது அந்த அலுவலர்கள் முகத்தில் இருந்த நிம்மதியைப் போல் நிம்மதியை அந்தத் தெரு அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஆனால் இட்லி இல்லை. முதல் வாரம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அரைத்து வைத்த மாவு, காலையில் அரைத்த நிமிஷத்துக்கே போய் நின்றது. புளிக்கவில்லை. உறை ஊற்றின பால் பாலாகவே கிடந்தது. தண்ணீர் ஊற்றி வைத்த சோறு ஆவி பறந்தது. ஊறுகாய் ஜாடிக்குள் கையை விட்டால் பறித்த சூட்டோடு எலுமிச்சங்காய் உருண்டது. சுண்டவைத்த குழம்பு ருசி ஏறுவதற்குள் விடிந்துவிடும். முப்பத்தேழு வீட்டிலும் மூன்று நேரமும் உப்புமா. தெருவில் ஆண்பிள்ளைகள் முகமெல்லாம் ரவை நிறத்துக்கு மாறியது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு, புதுச்செருப்பு போட்டுக்கொண்டு, பழைய சோற்றுக்காக அடுத்த தெருச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று நின்றார்கள்.

பூவலிங்கத்துக்கு இட்லியும் ஒன்றுதான், உப்புமாவும் ஒன்றுதான். அவருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு வேட்டியைக் கல்லில் அடித்தார், உவர்மண் போட்டு அவித்தார், உள்ளங்கையால் தேய்த்தார். சாயங்காலம் அது கொஞ்சம் இறங்கிக் கொடுத்ததுபோல் இருக்கும். விடிந்தால் பழையபடி மொடமொட. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற காசாமைதீனைப் பிடித்தார். பாவம், அந்த மனுஷன் அந்தத் தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"மாமு, ஒங்களுக்கு நல்ல பழந்துணியா நான் தாறேன். ஆனா ஒங்க தெருவுக்குள்ள வந்தா அது நிக்காதே" என்றார் காசாமைதீன்.

"அப்ப நீரே வச்சிரும். பிள்ளை பொறக்கவும் வாங்கிக்கிடுதேன்."

வைத்துக்கொண்டார். நாலாம் நாள் போய்க் கேட்டால் தலையைச் சொறிந்தார். கைப்பழக்கம் மாமு, மூட்டையோட மூட்டையா லாரிப் பட்டறைக்குப் போட்டுட்டேன், இந்நேரம் கிரீஸ் துடைச்சிருப்பாங்க. அடுத்த மூட்டையைப் பூவலிங்கம் தெருமுனைக்கு வெளியே இருந்த டீக்கடையில் கொடுத்து வைத்தார். கடைக்காரர் அதை வைத்து பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார், அன்போடு இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி. அன்றைக்குத்தான் பூவலிங்கம் இனிமேல் யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தார். மூன்றாவதாக வாங்கின பழைய வேட்டிகளைத் துவைத்து, கிழிசலுக்கெல்லாம் இழை கூட்டி, சொந்த முற்றத்தில் காயவைத்து, ஒன்றைத் தன் இடுப்புக்கு எடுத்துக்கொண்டு, மீதியைச் சாம்பிராணி காட்டி மூட்டையாகக் கட்டினார். விடிவதற்கு அரைமணி முன்னால் எழுந்து குளித்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றார். விடிந்து, வெயில் வேப்பமர உச்சியில் பட்டதும் திரும்ப வந்தார். துணி பழசாகவே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, துணிய வாக்கிங் கூட்டிட்டுப் போறீயளா?" என்றாள் பாக்கியத்தாய்.

"ஆமா, அதுக்கும் காலாற நடக்கணும்ல."

தெருவே சிரித்தது. சிரித்து முடித்து வாயை மூடுவதற்குள் பாக்கியத்தாய்க்குப் பொறி தட்டிவிட்டது. மறுநாள் விடியக்காலம் வேப்பமரத்தடியில் பூவலிங்கத்துக்குப் பக்கத்தில் அவள் மாவுச்சட்டியோடு நின்றாள். அதற்கு மறுநாள் ஒன்பது மாவுச்சட்டி, நாலு தயிர்ப்பானை, ஒரு ஊறுகாய் ஜாடி. பத்து நாளில் ஊரில் அப்படி ஒரு ஊர்வலம் கிடையாது. கிழக்கே வெளுக்கும்போது ஓட்டை உடைசலைத் தூக்கிக்கொண்டு வெளித்தெருக்காரர்கள் உள்ளே ஓட, பழையதைக் காப்பாற்ற உள்தெருக்காரர்கள் வெளியே ஓட, முனையில் இரண்டு கூட்டமும் மோதி, "வழி விடுங்க, மாவு", "நீங்க வழி விடுங்க, கட்டிலு" என்று ஒரே அமளி. சிக்கனமே வேண்டாம் என்று சொன்ன சனம், வடகத்தையும் பக்கத்துத் தெருவில் கேட்டு வாங்கின நைந்த தலையணையையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றது. யாரும் பூவலிங்கத்திடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, மரத்தடி பூராம் நீங்களே வச்சுக்கிட்டா எப்பிடி?" என்றுதான் கேட்டார்கள்.

ஆனி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோழி கூப்பிடுகிற நேரம். பூவலிங்கம் குளித்து, வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டு, மூட்டையைக் கையில் எடுத்து நடைவாசலில் காலை வைத்தார். உள்ளிருந்து "யப்பா" என்று ஒரு குரல் வந்தது. இருபத்தைந்து வருஷமாக அந்த வாயிலிருந்து அவர் கேட்ட யப்பா எதுவும் இந்த மாதிரி இல்லை. மூட்டை வாசலில் விழுந்தது. பிறகு அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டோவும், தோளில் சாய்ந்த மகளின் வேர்வையும், "இந்தா வந்துட்டோம் தாயி, இந்தா வந்துட்டோம்" என்று தன் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்ததும்தான். பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கினபோதுதான் கை வெறுங்கையாக இருப்பதைப் பார்த்தார். பார்த்தபோது கிழக்கே நன்றாக வெளுத்திருந்தது.

போனில் சேதி கேட்டு, புளியங்குடி முதல் பஸ்ஸில் முப்பிடாதி வந்து இறங்கினாள். பிள்ளைப்பேறு அறைக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, வந்த வேலையை உடனே ஆரம்பித்தாள்.

"துணி எங்க?"

"வருது மதினி."

"நடந்து வருதா?"

அவள் கேட்டதற்கு ஏற்றாற்போல் பாக்கியத்தாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் மூட்டை. பூவலிங்கத்துக்கு உயிர் வந்தது. "வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டீய அண்ணாச்சி. நல்ல வேளை நான் பாத்தேன்" என்றாள்.

"எப்ப எடுத்தே?"

"நீங்க போனவொடனே பாத்தேன். ரெண்டு கையிலயும் மாவுச்சட்டி. அத மரத்தடியில வச்சு, விடிஞ்சதும் கொண்டு போய் வீட்டுல வச்சுட்டு, வந்து எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டம்..." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் தான் சொல்வது தன் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிச்சை முப்பிடாதிதான் அவிழ்த்தாள். மொடமொடவென்று வேட்டிகள் விறைத்து எழுந்து நின்றன. ஓரத்தில் நீல மையில் ஆலை முத்திரைகூட அழியாமல் இருந்தது. அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்கிற மாதிரி மெல்லத் திருப்பினாள்.

"இதான் ஒங்க பழந்துணியா சம்மந்தகாரரே? நல்லாருக்கு. கல்யாண வீட்டுக்குக் கட்டலாம்." போனைத் தட்டி, "ஏ தம்பி, கார எடுத்துட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வா" என்றாள்.

பூவலிங்கம் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் அப்படி. உள்ளே ஒரு அழுகை கேட்டது, சின்னதாக, கோபமாக. கதவைப் பாதி திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "ஆவுடைச்செல்வி ஆளு யாரு? பொம்பளப் பிள்ள. தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க. துணி குடுங்க, சீக்கிரம். எத்தன தடவ சொல்றது, மெத்துனு ஒரு துணி கொண்டு வாங்கன்னு?"

தலையைக் குனிந்திருந்த பூவலிங்கத்தின் கண்ணுக்கு முன்னால் அவர் இடுப்புத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று தூணுக்குப் பின்னால் போனார். விடிவதற்கு முன்னால் தெருவை விட்டு வெளியே வந்த துணி என்று, தோளில் கிடந்த சொரசொரத் துண்டை விட்டால், அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். திரும்பி வந்தபோது இடுப்பில் துண்டு இருந்தது. முழங்காலுக்குமேல் அந்தத் துண்டால் மறைக்க முடிந்த அளவுக்கு மறைத்திருந்தது, அதிகம் என்று சொல்ல முடியாது. கையில் நாலாய் மடித்த வேட்டி.

"விடியக்காலம் குளிச்சுட்டுக் கட்டுனது. நேத்து வெயில்ல காஞ்சது" என்று நர்ஸிடம் நீட்டினார்.

இடையில் முப்பிடாதியின் கை வந்து வாங்கியது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஓரம் முழுக்க உருவிப் பார்த்தாள். கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். குறை தேடுகிற விரல் ஒரு இடத்தில் நின்றது. அங்கே ஒரு கிழிசலை, நூலுக்கு நூல் ஓடவிட்டு இழை கூட்டியிருந்தது. இன்னொரு இடத்தில் நின்றது, அங்கேயும்.

"இது யாரு ஓட்டுன இழை?"

"நாந்தான்."

"கோணலா இருக்கு" என்றாள். கோணல் ஒன்றும் இல்லை. வேட்டியை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டுப் போனை மறுபடி எடுத்தாள். "தம்பி, கார் வேண்டாம். ஆமா, வேண்டாம்னுதான் சொல்லுதேன். என் பெட்டிய மட்டும் கொண்டாந்து சங்கரன்கோவில் சம்மந்தகாரர் வீட்டுல போடு." பிறகு யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பதினாறும் அங்கயே நடக்கட்டும். ஆனா விடியக்காலம் துணிமூட்டைய நாந்தான் தூக்குவேன். வாசல்ல போட்டுட்டு ஓடுற ஆளுகள நம்பி என் பேத்திய விடமுடியாது. இந்தம்மா தூக்கவும் வேண்டாம், இவுக மாவப் பாக்கட்டும்."

பாக்கியத்தாய் ஒன்றும் பேசவில்லை. அவள் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையைக் கொண்டு வந்து காட்டினார்கள். பழைய வேட்டிக்குள் முகம் மட்டும் தெரிந்தது, சிவந்து, சுருங்கி, உலகத்தில் உள்ள எல்லோரையும்விட வயசான மாதிரி. அழுகையை நிறுத்தி ஒரு கொட்டாவி விட்டது. முப்பிடாதி வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "போயி எதையாவது கட்டிட்டு வாங்க சம்மந்தகாரரே. பொம்பளைக வந்து போற எடம்."

கட்டுவதற்கு அந்த மூட்டைதான் இருந்தது. பூவலிங்கம் முத்திரை அழியாத வேட்டி ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். மரத்தடிக்குப் போகத் தொடங்கின பிறகு இன்றைக்குத்தான் இடுப்பில் புதுசு. ஓர் அடி வைத்தார், சரசரவென்றது. இரண்டாம் அடி வைத்தார், அதைவிடப் பலமாகச் சரசரவென்றது. பிள்ளை உதட்டைப் பிதுக்கிச் சிணுங்கியது.

"அசையாதீக" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் முப்பிடாதி. "இப்பத்தான் கண்ணசருது."

பூவலிங்கம் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். காலில் ஒரு கொசு உட்கார்ந்து கடித்தது. குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.